மோசஸ் வீட்டு பேஸ்மென்ட்டில் டிராக்டர் தொழிற்சாலை

நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் புரொஃபசர் மோசஸ் வீட்டு பேஸ்மென்ட்டுக்கு டிராக்டர் தொழிற்சாலை வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, குப்பை வண்டி வந்து போன பிறகு. முந்நூறு தொழிலாளர்கள், இரண்டு கிரேன், ஒரு கேன்டீன், சுவரில் அரிவாள் சுத்தியலைப் பெயிண்ட் அடித்து மறைத்த தடம், எல்லாம் வாஷிங் மெஷினுக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் நடுவே நெருக்கடி இல்லாமல் பொருந்திக்கொண்டன. புகைபோக்கி மட்டும் ஃபேமிலி ரூமைத் துளைத்து, மாடித் துணி அலமாரியில் மனைவி ஜூலியட்டின் பட்டுப்புடவைகளை ஒதுக்கிவிட்டு, கூரைக்கு மேலே போய் நின்றது. குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரே ஒரு ஆட்சேபம் வந்தது: அந்தத் தெருவில் பெய்ஜ் என்கிற வெளிர் மணல் நிறத்துக்கு மட்டும்தான் அனுமதி. மோசஸ் ஏணி வைத்து ஏறிப் புகைபோக்கிக்கு பெய்ஜ் அடித்தார். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது.

மோசஸுக்கு அந்தத் தொழிற்சாலையைத் தெரியும். தெரியாமல் என்ன? தொண்ணூறுகளில், செங்கொடி இறங்கிய கிழக்கு ஐரோப்பிய நாடு ஒன்றுக்கு அவரை ஆலோசகராக அனுப்பியிருந்தார்கள். நாகர்கோவிலில் பிறந்து நியூ ஜெர்சியில் பொருளாதாரம் நடத்திய மனிதர், ஒரு டிராக்டரைத் தொட்டுப் பார்த்ததே அங்கேதான். அரசாங்கச் சொத்தை மக்களுக்கே கொடுங்கள், ஆளுக்கு ஒரு உரிமைச் சீட்டு, இனி எல்லோரும் முதலாளி என்று அறிக்கை எழுதினார். எல்லோரும் முதலாளி ஆனார்கள். குளிர்காலம் முடிவதற்குள் தொழிற்சாலை மேனேஜர், ஆளுக்கு ஒரு பாட்டில் சாராயமும் ஒரு மூட்டை சர்க்கரையும் கொடுத்து அத்தனை சீட்டையும் வாங்கிவிட்டான். லேத் மெஷின்களை மச்சினனுக்கு விற்றான், மச்சினன் எல்லை தாண்டிப் பழைய இரும்புக்குப் போட்டான். அதற்குள் மோசஸ் கழுத்தில் மெடலோடு விமானம் ஏறியிருந்தார். எடிசனின் ஓக் ட்ரீ ரோட்டில் எந்த ரிசப்ஷனில் பார்த்தாலும் அந்த நாட்டைத் தான்தான் கரையேற்றியதாகச் சொல்வார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பிரியாணி க்யூ நகர்ந்ததும் தாங்களும் நகர்ந்துவிடுவார்கள்.

முதலில் படியேறி வந்தவள் கிரேன் ஓட்டும் லுத்மிலா. அவள் பேசியது நாகர்கோவில் தமிழ். எப்படி என்று யாரும் விசாரிக்கவில்லை. "சாருக்கு எங்கள ஓர்ம இருக்கா? கூரை ஒழுகுது, யாருகிட்ட சொல்லணும்னு கேட்டா ஒவ்வொருத்தனும் அடுத்தவனக் கை காட்டுதான். கடைசில உங்க விசிட்டிங் கார்டுதான் மிஞ்சிச்சு. நல்ல வேள, நீங்க வீடு மாறல," என்றாள். அந்தக் காலத்தில் வெற்றிலை பாக்கு மாதிரி விசிட்டிங் கார்டு விநியோகித்தவர் மோசஸ். சந்தை தானாகச் சரிசெய்துகொள்ளும் என்று அவளுக்கு விளக்கினார். லுத்மிலா மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, ஒழுகும் இடத்தில் வைக்க ஒரு பக்கெட் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

வந்த நேரம்தான் சரியில்லை. மகன் ஷைனுக்கு சான் ஹோசேயில் பெண் குழந்தை பிறந்திருந்தது. எடிசன் வீட்டை விற்றுவிட்டு இருவரும் அங்கேயே போய்விடுவதென்று முடிவு செய்து போர்டும் நட்டாயிற்று. ஜூலியட் நர்ஸாக முப்பது வருஷம் நைட் ஷிஃப்ட் பார்த்துக் கடன் கட்டி முடித்த வீடு அது. ஆனால் பத்திரம் மோசஸ் பெயரில் மட்டும்தான் இருந்தது. வீடு வாங்கிக் கையெழுத்துப் போட்ட அன்று காலை அவள் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்ப வேண்டாமே என்று அவர் தனியாகப் போய்விட்டார். பேத்தியை அவள் இன்னும் ஃபோன் திரையில்தான் பார்த்திருந்தாள். "ஏங்க, கூட்டிட்டு வந்தது நீங்க. அனுப்பி வைக்கிற வழியும் நீங்களே பாருங்க. பாப்பா தவழ ஆரம்பிச்சாச்சு," என்று தினமும் காலையில் சொல்லுவாள்.

அப்போதுதான் பாய்லர் அறையிலிருந்து மேனேஜர் வெளியே வந்தான். முப்பது வருஷத்தில் அவனுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. வீடும் தொழிற்சாலையும் ஒட்டிக்கொண்டுவிட்டதால், இரண்டையும் சேர்த்து மக்களுக்கே கொடுத்துவிடலாம் என்பது அவன் திட்டம். நேராகக் கேட்டிருந்தால் மோசஸ் போலீஸைக் கூப்பிட்டிருப்பார். பயல் விவரமானவன், வந்த கொஞ்ச நாளிலேயே எடிசன் தமிழர்களைப் படித்து முடித்திருந்தான். பேஸ்மென்ட்டில் மேடை போட்டான். குத்துவிளக்கு வைத்தான். 'பொருளாதார மேதையே வருக' என்று ஃப்ளெக்ஸ் கட்டினான். மாலை, பொன்னாடை, மைக் மூன்றையும் ஒன்றாக நீட்டினால் மறுக்கிற தமிழன் கிரீன் கார்டுக்காரர்களிலேயே கிடையாது. மோசஸோ தமிழ்ச் சங்கத் தேர்தலில் நின்று நின்று தோற்றவர், பொன்னாடையை அடுத்தவர் தோளில்தான் பார்த்திருந்தார். விளக்கேற்றினார். முக்கால் மணி நேரம் பேசினார். "இனி எல்லாரும் முதலாளி!" என்று முடித்தபோது எழுந்த கைதட்டலில், நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். பின்வரிசையிலிருந்து ஜூலியட் எழுந்தாள். "என் வீட்ட எழுதிக் குடுத்துட்டு கைதட்டு வாங்குறீங்களே, வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்றாள். மைக் சத்தத்தில் அது மேடைவரை போய்ச் சேரவில்லை.

ஆளுக்கு ஒரு சீட்டு வந்தது. மோசஸுக்கு ஒன்று, ஜூலியட்டுக்கு ஒன்று. லுத்மிலா சமையலறைப் பக்கம் வந்து, "போன தடவ நான் சர்க்கரைக்கு வித்துட்டேன் மேடம். நீங்களாவது நல்லதா ஏதாவது கேளுங்க," என்று காதில் போட்டுவிட்டுப் போனாள். ஜூலியட் அன்றைக்கே தன் சீட்டை மேனேஜரிடம் நீட்டி, சான் ஹோசேக்கு ஒரு வழி விமான டிக்கெட் வாங்கினாள். அவளுடைய இரண்டு பெட்டிகள் வாசலுக்கு வந்தன.

"நீங்க வரீங்களா, இல்லையா?"

"அவசரப்படாத ஜூலி. லாங் டெர்ம்ல வேல்யூ ஏறும்."

"உங்க லாங் டெர்ம் வர்றதுக்குள்ள பாப்பா காலேஜ் போயிடும்," என்று சொல்லிவிட்டு அவள் டாக்ஸியில் ஏறினாள்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் மோசஸின் அறிக்கைப்படியே ஒழுங்காக நடந்தது. மேனேஜர் மற்ற சீட்டுகளை வாங்கி முடித்தான். சமையலறை மச்சினனுக்குப் போயிற்று. டைனிங் டேபிள் எல்லை தாண்டியது, எந்த எல்லை என்று தெரியவில்லை. சாய்வு நாற்காலி மோசஸ் உட்கார்ந்திருக்கும்போதே விலைபோனது. சிறு பங்குதாரர் என்ற முறையில் அவர் பொதுக்குழுவில் கேள்வி கேட்கப் போனார். கூட்டத்தை கார் நிறுத்தும் கராஜுக்கு மாற்றினார்கள். கராஜுக்குப் போனார், கூரைக்கு மாற்றினார்கள். ஏணி வைத்துக் கூரைக்கும் போனார், கூட்டம் நேற்றே முடிந்துவிட்டது என்றார்கள். சிறு பங்குதாரருக்கு என்ன பாதுகாப்பு என்று புகைபோக்கியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அந்த அத்தியாயத்தை அறிக்கையில் எழுத நேரமில்லை என்று விட்டவர் அவரேதான் என்பதை மேனேஜர் கீழேயிருந்து பணிவாக நினைவூட்டினான்.

குளிர் வந்த ஒரு காலையில் சமையலறையிலிருந்து டிகாஷன் வாசனை வந்தது. மச்சினன் உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டிருந்தான். வெளியே நின்று மோசஸ் கொஞ்ச நேரம் கொள்கையோடு இருந்தார். பிறகு கதவின் அடியில் சீட்டைத் தள்ளினார். ஒரு டம்ளர் ஃபில்டர் காபி வெளியே வந்தது. எடுத்துக் கொடுத்த லுத்மிலா, "சர்க்கரை?" என்று கேட்டாள். "போடு," என்றார். குடிக்கும்போது அழுகை வந்தது. சூடு ஜாஸ்தி என்று அவளிடம் சொன்னார்.

வசந்தத்தில் மேனேஜர் வீட்டை மறுபடி விற்பனைக்குப் போட்டான். கவின், வெண்பா என்ற இளம் ஜோடி பார்க்க வந்தது. வீடு விற்றுத் தரும் ரியல்டர் தீக்ஷா ஃபேமிலி ரூமைக் காட்டினாள், புகைபோக்கியைக் காட்டினாள், கீழே கூட்டிப்போய் லஞ்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்த முந்நூறு பேரையும் காட்டினாள். வெண்பா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஸ்கூல் ரேட்டிங் என்ன?" என்று கேட்டாள். பத்துக்குப் பத்து என்றாள் தீக்ஷா. அப்படியானால் சரி என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

தொழிற்சாலை கேட்டருகே காவல்காரர் தொப்பியோடு ஒருவர் நின்றிருந்தார். பொன்னாடையைக் கழுத்துக்கு மஃப்ளராகச் சுற்றியிருந்தார்.

"இந்த அங்கிள்?" என்றான் கவின்.

"அங்கிள் வீட்டோட வர்றவர்."

"சூப்பர். அமெரிக்காவுல இதெல்லாம் யாருக்குக் கிடைக்கும்? பேக்கேஜ் வந்தா உள்ள எடுத்து வெச்சிடுவாரு," என்றாள் வெண்பா.

காலிப் பக்கெட்டோடு வந்த லுத்மிலா, கூரை இன்னும் ஒழுகுவதாகச் சொல்லி, இனி ஓனர் யாரென்று கேட்டாள். மோசஸ் கவினைக் கை காட்டினார். கவின் வெண்பாவைக் காட்டினான், வெண்பா தீக்ஷாவைக் காட்டினாள், தீக்ஷா யோசித்துப் பார்த்துவிட்டு மோசஸைக் காட்டினாள். லுத்மிலா தலையாட்டிவிட்டு பக்கெட்டை வைக்கப் போனாள். மோசஸின் சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. திரையில் ஜூலியட்டின் கையும் அந்தக் கையை விட்டு நிற்கும் ஒரு குழந்தையும் தெரிந்தன. "பாருங்க, பாருங்க, பாப்பா நடக்குறா!" என்றாள் ஜூலியட். குழந்தை முதல் காலைத் தூக்கியபோது லஞ்ச் முடிந்த சைரன் ஊதியது. மோசஸ் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்தார்.