பேர் இல்லாத இருக்கைகள்

பியோ சன்-ஓக்குக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. தேகு நகரத்தில் ஒரு வெப்சைட் கம்பெனியில் வேலை. கம்பெனி செய்யும் தளங்களைப் பார்வையற்றவர்கள் தடங்கல் இல்லாமல் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அவள் காதில் பேசிக்கொண்டே இருக்கும்.

அந்த வருஷம் ஒரு வெளியூர்ப் பேருந்து கம்பெனிக்கு முன்பதிவுத் தளம் செய்தார்கள். ஊர், தேதி, நேரம் எல்லாம் ஒழுங்காக வந்தன. இருக்கை தேர்ந்தெடுக்கும் இடத்தில் மட்டும் மென்பொருள் "படம், படம், படம்" என்றது. மென்பொருள் படித்துச் சொல்ல எந்த இருக்கைக்கும் பேர் வைக்கவில்லை. இது அரை நாள் வேலை என்று மேலாளர் மேங்கிடம் சொன்னாள். எல்லாரும் சொந்த ஊர் போகும் சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு முன்பே தளம் திறந்தாக வேண்டும், பிறகு பார்க்கலாம் என்றார் அவர்.

"கண்ணு தெரியாதவங்க தனியாவா பஸ் ஏறுவாங்க? கூட வர்றவங்க புக் பண்ணிக் குடுப்பாங்க. நீ கையெழுத்தப் போடும்மா."

"நான் தனியாத்தான் சார் போஹாங் போறேன், எங்க அக்கா வீட்டுக்கு. கையெழுத்து போட மாட்டேன்."

அவர் வேறொருவரிடம் கையெழுத்து வாங்கித் தளத்தைத் திறந்துவிட்டார். ஆன்லைன் வந்துவிட்டதே என்று பேருந்து நிலையத்திலும் ஒரு கவுண்டரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடிவிட்டார்கள்.

பண்டிகை டிக்கெட் விற்பனை தொடங்கிய காலையில் சன்-ஓக் விடுப்பு எடுத்துக்கொண்டாள். பார்வையற்ற நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஒரே கவுண்டரில் வரிசையாக நின்றாள். தளம் என்ன சொல்லவில்லையோ அதை மட்டும்தான் கேட்டார்கள். எந்தெந்த இருக்கை காலி, எது சன்னலோரம், எது கதவுப் பக்கம், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றார்கள். கவுண்டர் பெண் பொறுமையாகப் படித்தாள். வரிசை நிலையத்துக்குள் இருந்த நூடுல்ஸ் கடையைத் தாண்டி வாசல் வரை நீண்டது.

பேரிக்காய்ப் பெட்டியைச் சுமந்து நின்ற ஒரு பெண்மணிக்குப் பொறுக்கவில்லை.

"பண்டிகை நேரத்துல இப்படி வழிய மறிச்சா எப்படி? வீட்டுல இருந்தே போன்ல போட வேண்டியதுதானே?"

சன்-ஓக் தன் போனில் இருக்கைப் பக்கத்தைத் திறந்து அவளிடம் நீட்டினாள். "கண்ண மூடிக்கிட்டு நீங்களே ஒண்ணு போட்டுக் குடுங்க."

"படம், படம், படம்" என்றது போன். அந்தப் பெண்மணி கண்ணை மூடிக் காது கொடுத்துக் கேட்டாள்.

"இதுல சன்னலோரம் எது?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெண்மணி பெட்டியைக் கீழே வைத்தாள். உள்ளே இருக்கும் பேருந்து கம்பெனி அதிகாரி வெளியே வரும்வரை தானும் நகரப் போவதில்லை என்று கவுண்டரைத் தட்டிச் சொன்னாள். பின்னால் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதிகாரி வந்தார். தளம் எல்லாருக்கும் ஏற்றது என்று சோதித்துத்தான் கொடுத்தார்களாமே என்றார்.

"சோதிச்சது நான்தான். ஆகாதுன்னு சொன்னதும் நான்தான்" என்றாள் சன்-ஓக்.

மறுநாள் மேங் அவளைக் கூப்பிட்டார். முகத்தில் கரி பூசிவிட்டாய், நீயாகவே வேலையை விட்டுப் போய்விடு என்றார்.

"போக மாட்டேன் சார். அனுப்பணும்னா நீங்களே அனுப்புங்க. எதுக்கு அனுப்புறீங்கன்னு மட்டும் எழுத்துல குடுங்க."

அதை எழுத அவருக்குத் துணிச்சல் வரவில்லை. அவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்கு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் தனியாகவே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள், அதன்பின் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. பேருந்து கம்பெனி தளத்துக்கான பணத்தைத் தராமல் நிறுத்தி வைத்த பிறகுதான் இருக்கைகளுக்குப் பேர் வந்தது. அதற்குள் சூசொக் முடிந்துவிட்டது. மன்னிப்பு என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புத்தாண்டு விடுமுறைக்கு முந்தைய வாரம் சன்-ஓக் அலுவலகத்தில் தன் மேசையிலேயே உட்கார்ந்து போஹாங்குக்கு டிக்கெட் போட்டாள். வேண்டுமென்றே ஹெட்போனைக் கழற்றியிருந்தாள். "ஏழாம் இருக்கை, சன்னலோரம், காலி" என்று அறை முழுக்கக் கேட்டது.