கட்டிலோடு வந்த நிஸ்மியா

நாவற்குடாவிலும் காத்தான்குடியிலுமாக நூற்றுப் பதினொரு வீடுகள் சேர்ந்து வாங்கிய கட்டில் அது. ஆஸ்பத்திரிகளில் இருப்பது போன்ற இரும்புக் கட்டில். கால்மாட்டில் இருக்கும் கைபிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் மெல்ல உயரும். கொரோனாக் காலத்தில் மூச்சு முட்டிக் கிடந்த ஒருவருக்கு ஒட்சிசன் மெசின் வாங்கவென்று கூடியவர்கள், ஆபத்து விலகிய பிறகும் பிரிந்து போகவில்லை. ஒரு சங்கமாகி, மாதாமாதம் இயன்றதைப் போட்டு இரண்டு சக்கர நாற்காலி, நாலைந்து ஊன்றுகோல், கடைசியாக இந்தக் கட்டில் என்று வாங்கிச் சேர்த்தார்கள். யாருக்குத் தேவையோ அவர் வீட்டுக்கு அது போகும். சுகமானதும் அடுத்த வீட்டுக்கு. வாடகை என்று ஒன்றும் கிடையாது.

எந்தச் சாமான் எந்த வீட்டில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது கஜானியின் பொறுப்பு. நாவற்குடாவில் தையல் கடை வைத்திருப்பவள். ஒரு கையில் துணியும் தோளுக்கும் காதுக்கும் நடுவே தொலைபேசியுமாகத்தான் அவளுடைய பகல் ஓடும்.

மாசி மாதம் வெள்ளாமை வெட்டு மும்முரமாக இருந்தபோது பழுகாமத்திலிருந்து ஒரு அழைப்பு வந்தது. பேசியவள் ஆச்சிப்பிள்ளை. அவளுடைய கணவன் வினாயகமூர்த்தி நெல்மூட்டை ஏற்றிய டிரக்டர் பெட்டியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியால கொண்டாந்து ஆறு நாளாச்சி தங்கச்சி. நிலத்துல பாய் போட்டுத்தான் கிடக்காரு. தூக்கி இருத்த என்னால ஏலாது. உங்கட கட்டிலப் பத்தி ஆரோ சொன்னாங்க" என்றாள்.

கட்டில் காத்தான்குடியில் நிஸ்மியாவின் வீட்டில் இருந்தது. நாற்பத்தெட்டு வயதான நிஸ்மியா ஸ்கூட்டியில் போய்ச் சறுக்கி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டவள். கணவனும் இரண்டு மகன்மாரும் கத்தாரில். கட்டில் போய் மூன்று மாதம் கடந்துவிட்டது. கஜானி இரண்டு தரம் அழைத்து விசாரித்தாள்.

"இன்னும் ஏலாது புள்ள. கால ஊண்டினா உசிர் போகுது" என்று இரண்டு தரமும் ஒரே பதில்தான் வந்தது.

மூன்றாம் தரம் கஜானி அழைக்கவில்லை. நேரே புறப்பட்டுப் போனாள்.

படலை திறந்தே கிடந்தது. உள்ளே போனவள் அப்படியே நின்றாள். முற்றத்து முருங்கை மரத்தடியில் ஒரு முக்காலியில் ஏறி, குதிக்காலையும் உயர்த்தி, எட்டி எட்டி இலை ஒடித்துக்கொண்டிருந்தாள் நிஸ்மியா.

"அக்கா!"

நிஸ்மியா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். முக்காலியிலிருந்து லாவகமாகக் குதித்து, சுவரில் சாத்தியிருந்த ஊன்றுகோலைப் பாய்ந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முனகத் தொடங்கினாள்.

"உடைஞ்சது இடது கால்தானே? நீங்க வலது கால நொண்டுறீங்க" என்றாள் கஜானி.

நிஸ்மியாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு முகம் சுண்டிப்போனது. கஜானியை உள்ளே கூட்டிப்போனாள்.

அறையில் கட்டிலைச் சுற்றி, பார்க்க வருபவர்கள் உட்கார ஏழு பிளாஸ்டிக் கதிரைகள் கிடந்தன.

"டொக்டர் நடக்கச் சொல்லி ரெண்டு கிழமையாகிட்டு. பொய் சொல்லிட்டன், மன்னிச்சிக்க" என்றாள். "இந்த வீட்ட கட்டி எட்டு வருசம் புள்ள. ஒருத்தரும் எட்டிப் பாக்கிறல்ல. கட்டில் வந்த அண்டைக்கிலயிருந்து வாற ஆக்களுக்குக் கதிரை காணாம இரவல் வாங்கிப் போட்டிரிக்கன். புள்ளையளும் கத்தார்லயிருந்து ஒவ்வொரு நாளும் கோல் எடுக்கானுகள். கட்டில் போனா மறுகா ஆரு வருவா?"

கஜானிக்கு இரக்கம் வந்தது. ஆனால் கோபம் அதைவிடக் கூடுதலாக வந்தது.

"உங்களுக்குக் கதிரை காணாம இரிக்கு. பழுகாமத்துல ஒரு மனிசன் ஒரு கிழமைக்கு மேலா நிலத்துல கிடக்காரு. பொஞ்சாதிக்கு அவர நிமித்த ஏலா" என்றாள்.

நிஸ்மியா ஊன்றுகோலை மூலையில் எறிந்தாள்.

"நிலத்துலயா? இத முதல்லயே சொல்லப்படாதா? நீ கோலெடுத்து 'எப்படி இரிக்கீங்க'ண்டுதானே கேட்ட! ஆள் காத்திருக்குண்டு ஒரு சொல்லுச் சொல்லல்லியே!"

அதுவும் உண்மைதான். நோயாளியை அவசரப்படுத்தக்கூடாது என்று கஜானி அதை எவரிடமும் சொல்வதில்லை. அதற்குள் நிஸ்மியா மெத்தையை இழுத்து வெளியே போட்டிருந்தாள்.

ஒரு மணி நேரத்தில் சதீசன் தன் லேண்ட்மாஸ்டர் கை டிரக்டரோடு வந்து சேர்ந்தான். சங்கத்துச் சாமான்களைக் கூலி வாங்காமல் ஏற்றி இறக்குபவன் அவன்தான். கட்டிலைப் பெட்டியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினான். நிஸ்மியா உடுப்பு மாற்றி, கையில் ஒரு சோற்றுச் சட்டியோடு வந்து நின்றாள்.

"நீங்க எங்க?" என்றான் சதீசன்.

"கட்டிலோட. அந்தக் கைபிடிய முதல்ல கீழ அமத்திட்டுத்தான் சுத்தணும் தம்பி. இல்லாட்டி இறுகிரும். இது என்னைத் தவிர ஆருக்குத் தெரியும்?"

அவள் கட்டிலின் மேலேயே ஏறி உட்கார்ந்தாள். கஜானியும் பக்கத்தில் ஏறினாள். மண்முனைப் பாலத்தில் வாவிக் காற்று இரண்டு பேருடைய முக்காட்டையும் முந்தானையையும் பிய்த்தெடுத்தது. நோயாளியைக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்து, வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து மற்ற வாகனங்களை வழிவிடச் சொல்லிக் கை காட்டினார். நிஸ்மியா அவருக்குக் கும்பிடு போட்டாள். கஜானி வயிறு நோகச் சிரித்தாள்.

பழுகாமத்தில் வேலை முழுவதையும் நிஸ்மியாவே எடுத்துக்கொண்டாள். ஒரு தலையணையை முழங்காலுக்கிடையில் வைத்து ஆளை எப்படிப் புரட்டுவது, முதுகு புண்ணாகாமல் எப்படிப் பார்ப்பது என்றெல்லாம் ஆச்சிப்பிள்ளைக்குச் செய்து காட்டினாள்.

"வலி கூடுமா?" என்று பயந்து கேட்டார் வினாயகமூர்த்தி.

"கூடும் அண்ணன். அஞ்சு நாள். ஆறாம் நாள் மத்தவங்கள ஏசத் தொடங்குவீங்க."

அவர் ஆறாம் நாள் வரை காத்திருக்கவில்லை. கைபிடி சுற்றச் சுற்றத் தலை உயர்ந்தது. யன்னலுக்கு வெளியே அவருடைய வயல்வட்டை தெரிந்தது. வெட்டு மெசின் வரம்போரம் ஒரு பெரிய துண்டை விட்டுவிட்டுப் போயிருந்தது.

"டேய்! அந்த மூலைய ஆரு உங்கப்பனா வெட்டுவான்?" என்று போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். வந்தவர்கள் அங்கேயே இருந்து கதைத்தார்கள். ஆச்சிப்பிள்ளை வாவி இறால் கறி ஆக்கினாள். நிஸ்மியா கொண்டுவந்த சோறு எல்லோருக்கும் போதாமல் இன்னொரு உலை வைக்க வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் நிஸ்மியா கேட்டாள்: "வாற கிழமையும் போய்ப் பாக்கட்டா புள்ள?"

"போங்க. எல்லாக் கிழமையும் போங்க" என்றாள் கஜானி.

அப்படித்தான் நடந்தது. பழுகாமத்துக்குப் பிறகு கட்டில் போன ஒவ்வொரு வீட்டுக்கும் நிஸ்மியாவும் போனாள். தொலைபேசியில் கேட்பவர்கள் "கட்டில் கிடைக்குமா" என்பதோடு நிறுத்தாமல், "அந்த நிஸ்மியா ராத்தாவும் வருவாவா" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஆள் காத்திருக்கிறது என்பதைக் கஜானியும் இப்போது எல்லோரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறாள். கட்டில் சொன்ன நாளைக்கு முன்பாகவே திரும்பி வருகிறது.

ஆவணி மாதம் ஒரு காலையில் வினாயகமூர்த்தி கைத்தடி ஊன்றி, ஆச்சிப்பிள்ளையோடு பஸ்ஸில் காத்தான்குடிக்கு வந்தார். சிறுபோகத்துப் புது அரிசி ஒரு பை கொண்டுவந்திருந்தார். நிஸ்மியாவின் வீடு பூட்டிக் கிடந்தது.

பக்கத்து வீட்டு றிஸானா மதிலுக்கு மேலால் தலையை நீட்டினாள். "ராத்தாவையா தேடுறீங்க? கட்டிலோட கல்குடாவுக்குப் போயிட்டாவே!"

"ஐயோ, எப்ப வருவாவாம்?"

"பின்னேரமாகும். அதுவரைக்கும் என்னத்துக்கு வெயில்ல நிக்கிறீங்க? வாங்க, வந்து இரிங்க. தேத்தண்ணி போடுறன்."

இருவரும் உள்ளே போனார்கள்.