அண்ணி உடுத்த மறுத்த சிவப்பு

1

இந்தக் கதை மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்தது. பழைய ஜனாதிபதி இன்னும் போகவில்லை, புதியவர் இன்னும் வரவில்லை. இந்த இடைக்காலத்தில் மக்களின் மனநிலை என்ன என்று எழுதச் சொல்லியிருந்தார் ஆசிரியர். நான் அண்ணியோடு, கொரிய மரபுக் கல்யாண உடையான ஹன்போக்கை வாடகைக்கு விடும் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் வரிகள்:

ஜனநாயகம் என்பது — (அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் கட்டுரைகளை நானே படிப்பதில்லை.)

தேர்தல் முடிந்த மறுநாள் ஹான் நதி அமைதியாக — (அது சியோலில் ஓடுகிறது. நாங்கள் இருப்பது தேஜோன்.)

அண்ணி சிவப்பு உடுத்த மாட்டேன் என்றார்.

இது நிற்கட்டும்.

2

அண்ணி ஓ மால்-சுன், காலமான என் அண்ணனின் மனைவி. சந்தையில் கிம்ச்சி விற்கிறார். தேர்தலில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, நாற்சந்தியில் ஆடிப் பாடி நீலக் கட்சிக்கு வாக்குக் கேட்டார். வென்றது சிவப்புக் கட்சி.

சனிக்கிழமை அவர் மகள் தா-யுனுக்குக் கல்யாணம். பெண்ணின் அம்மா சிவப்புச் சாயலிலும் மாப்பிள்ளையின் அம்மா நீலத்திலும் உடுத்துவது வழக்கம். இரண்டு அம்மாக்களும் கைகோத்து வந்து மெழுகுவத்தி ஏற்றினால்தான் சடங்கு தொடங்கும்.

"இதைக் கட்டிக்கிட்டு மேடை ஏறினா சந்தைல என்ன சொல்வாங்க? தோத்த கையோட கட்சி மாறிட்டான்னு சொல்வாங்க."

"இது ரோஜா நிறம்க்கா," என்றார் கடைக்காரி.

"தேர்தலுக்கு முன்னாடி ரோஜா. இப்ப சிவப்பு. நான் கீழ உக்காந்து பாத்துக்கறேன்."

தா-யுனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பாவும் இல்ல. நீயும் மேடைக்கு வரலேன்னா என் பக்கம் யாரும்மா இருக்கா?"

"உன் சித்தப்பா ஏத்தட்டும்."

"சித்தப்பாவா? அவருக்கு அடுப்பே பத்தவைக்கத் தெரியாது."

(இந்த வரியை நீக்கப் பார்த்தேன். நிருபர் புத்தி விடவில்லை.)

3

இப்போது மாப்பிள்ளையின் அம்மா பியோன் இன்-ஜா வர வேண்டும். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கையில்லை. அவர் சிவப்புக் கட்சி. உடுத்த வேண்டியது நீலம். வேறு யாராவது இப்படி அளவெடுத்துத் தைத்த மாதிரி எழுதியிருந்தால் திட்டியிருப்பேன். என்ன செய்வது, மாப்பிள்ளையை நான் பார்க்கவில்லை, தா-யுனே பார்த்துக்கொண்டாள்.

குடையை உதறிக்கொண்டு கடைக்குள் வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் சொன்னார்:

"எனக்கும் நீலம்னா பத்திக்கிட்டு வருது. மாத்திக்கலாமா, சம்பந்தி?"

தோல்விக்குப் பிறகு அண்ணி சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

(இங்கேயே நிறுத்தியிருந்தால் தேசிய ஒற்றுமைக் கட்டுரையாகியிருக்கும். ஆசிரியர் முதல் பக்கத்தில் போட்டிருப்பார்.)

4

எங்கள் ஊர்க் கல்யாணங்களில் யாரும் அம்மாக்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. பாவாடையின் நிறத்தைப் பார்த்துக் குனிந்து வணங்குவார்கள். மாப்பிள்ளை வீட்டு உறவு முழுக்க நீலப் பாவாடை கட்டிய அண்ணி முன்னால் வரிசை கட்டியது.

"மகன் கல்யாணத்துக்கு வாழ்த்துகள்!"

அண்ணி முதலில் திருத்திப் பார்த்தார். பிறகு களைத்துப்போய், "ஆமாங்க, தங்கமான பையன்," என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

"சம்பந்தி, என் பையனையே எடுத்துக்கிட்டீங்களே!"

"நாட்டையே நீங்க எடுத்துக்கிட்டீங்க. ஒரு பையனையாவது எங்களுக்கு விடுங்க."

இருவரும் கைகோத்து மேடை ஏறினார்கள். அங்கேதான் யாரும் யோசிக்காத ஒன்று காத்திருந்தது. மெழுகுவத்திக்கும் நிறம் உண்டு. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நீலம், பெண்ணின் அம்மாவுக்குச் சிவப்பு.

உடையை மாற்றிக்கொள்ளலாம். மகளை மாற்றிக்கொள்ள முடியுமா?

அண்ணியின் கை நடுவில் நின்றுவிட்டது. வாசலில் பூச்செண்டோடு தா-யுன் அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது என் கைபேசி அலறியது. ஆசிரியர்.

"மக்கள் மனநிலை என்னய்யா ஆச்சு?"

குனிந்து அதன் வாயை அடைத்து நிமிர்ந்தபோது இரண்டு மெழுகுவத்திகளும் எரிந்துகொண்டிருந்தன. அம்மாக்கள் கைகோத்தபடியே இறங்கிக்கொண்டிருந்தார்கள். தா-யுன் அழுதுகொண்டே சிரித்தாள்.

(புகைப்படம் இருக்குமே என்பீர்கள். இருக்கிறது. அதில் குனிந்த என் முதுகுதான் முழுக்க.)

5

விருந்தில் நூடுல்ஸ் கிண்ணத்தோடு போய் அண்ணியிடம் கேட்டேன். எதை ஏற்றினீர்கள்?

"என்ன தம்பி, இத்தனை வருஷம் பத்திரிகைல இருந்துட்டு இதைக் கேக்கறீங்க? ரகசிய வாக்குன்னா என்னன்னு தெரியாதா?"

"அதானே!" என்றார் சம்பந்தி. ஆட்சி மாற்றக் காலத்தில் இரண்டு கட்சிகளும் ஒத்துப்போனதற்கு என்னிடமுள்ள ஒரே சான்று இதுதான்.

ஆகவே முடிவுக்கு மூன்று வேட்பாளர்கள் நிற்கிறார்கள். அண்ணி மகளுக்காகச் சிவப்பை ஏற்றினார். அல்லது கொள்கைக்காக நீலத்தை ஏற்றினார், சிவப்பைச் சம்பந்தி பார்த்துக்கொண்டார். அல்லது இரண்டு கைகளும் ஒரே லைட்டரைப் பிடித்து

(இந்த வாக்கியத்தை நான் முடித்தால் பிரசாரம் செய்ததாகிவிடும்.)

முத்திரை உங்கள் கையில். ஒன்றில் குத்துங்கள், சீட்டை மடியுங்கள், பெட்டியில் போடுங்கள். என்னிடம் காட்டிவிடாதீர்கள், செல்லாத வாக்காகிவிடும்.