சபையில் சொறி இல்லை

சகல சபையாருக்கும் ஸ்தோத்திரத்தோடு அறிவிக்கப்படுவது என்னவென்றால், நமது சபையில் எவருக்கும் சொறி கிடையாது. கமிட்டி கூடி ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டது.

கருங்கல் ஊர்ப்பக்கத்துப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பூட்டிக்கொண்டு இதை வாசித்தவர் செயலாளர் ரசலையன், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். தீர்மானத்துக்கு இரண்டாம் பகுதியும் இருந்தது. விரலிடுக்கில் 'ஏதோ' உள்ள ஜினிஷா, பண்டிகைப் பாட்டுக் குழுவிலிருந்து நீக்கப்படுகிறாள். சபையில் இல்லாத நோய் எட்டு வயதுப் பிள்ளைக்கு மட்டும் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவள் அம்மா ஜெயபாய் ரப்பர் பால் வெட்டுகிறவள். அதுவே போதுமான விளக்கம்.

ஜெயபாய் அழவில்லை. வேப்பிலையும் பச்சை மஞ்சளும் குப்பைமேனியும் சேர்த்து அரைத்தாள். மகளுக்கும் தனக்கும் கழுத்திலிருந்து பாதம்வரை பூசினாள். துணிமணி, பாய்விரிப்பு எல்லாவற்றையும் கொதிக்கவைத்தாள். பத்து நாளில் அடங்கிற்று.

சேதி பரவியதும் அவளுடைய பின்வாசலில் கூட்டம். கமிட்டி வீட்டுப் பெண்கள் முந்தானைக்குள் கிண்ணத்தை மறைத்து வந்தார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் பூசினார்கள். கௌரவமான ஆண்கள் பூசவில்லை. மறு வாரம் பிள்ளைகளும் மறுபடி சொறிந்தார்கள்.

"மருந்து கேக்கல்ல ஜெயபாயி," என்று பெண்கள் திரும்பி வந்தார்கள்.

அவள் பின்வாசலைத் தாழிட்டாள்.

கடைசியில் ரசலையனே தூக்குவாளியோடு வந்து அதைத் தட்டினார். துபாயிலிருந்து மகன் அனுப்பிய களிம்பைத் தான் மட்டும் பூசி, தோற்றுப்போய் வந்திருந்தார்.

"கொஞ்சம் அரைச்சுத் தா. மாட்டுக்காக்கும்."

"மாடு எப்பம் வாங்கினிய, சாரே?"

"கேட்டதத் தா, ஜெயபாயி."

"முன்வாசலுக்கு வாங்க. வீட்டுல உள்ளவிய எல்லாரும் ஒரே நாளு பூசணும். நிங்க சட்டையக் கழத்தி முற்றத்துல நிக்கணும். எனக்க பிள்ள பாட்டுல நிக்கணும். இல்லேன்னா சொறிஞ்சுட்டே தீர்மானம் எழுதுங்க."

"நான் கமிட்டி செயலாளராக்கும்!"

"சொறிக்கு அது தெரியாது, சாரே."

அவர் முறைத்தார். முறைக்கும்போதே கை தானாக அக்குளுக்குப் போயிற்று.

சனிக்கிழமை காலை, பஸ் போகிற ரோட்டைப் பார்த்த ஜெயபாய் வீட்டு முற்றத்தில், முன்னாள் தலைமை ஆசிரியர் ஒற்றைத் துண்டோடு பச்சைப்பசேலென்று நின்றார். அவரைப் பார்த்த பாக்கிக் கமிட்டியும் சட்டையைக் கழற்றியது. வீட்டுக்குள் அவர்களுடைய பெண்கள் பூசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி ஜினிஷா, சாருக்க முதுகுல நடுவுல விட்டுப்போச்சு பாரு. நல்லா தேச்சுவிடு."

பண்டிகையன்று ஜினிஷா முதல் வரிசையில் நின்று பாடினாள். அவளுக்குச் சுத்தமாகப் பாட வராது.