சாமி மேடைக்கு ஒரு விசிறி

1

வெள்ளிக்கிழமை மாலை 6.52. இந்தக் கதையின் கடைசி வரி அந்த நிமிடத்தில் பேசப்படும்.

கதை பிறந்தது அதற்கு முந்தைய வெள்ளி. கிள்ளானில் எங்கள் வீட்டு ரவுட்டர் சூடேறி அணைந்தது. என் மனைவியின் நேர்காணல் இருபதாவது நிமிடத்தில் அறுந்தது. எட்டு மாதமாக அவளுக்கு வேலையில்லை. லண்டன் நிறுவனம், வீட்டிலிருந்தே செய்யலாம். இன்னொரு முறை, இன்று ஏழு மணிக்கு, அழைத்திருக்கிறார்கள். மூன்றாவது முறை கிடையாது என்பதையும் கண்ணியமாக எழுதியிருந்தார்கள்.

ரவுட்டருக்கு விசிறி வாங்கும் பொறுப்பு என்னுடையது. நான் கதை எழுதத் தொடங்கினேன்.

2

முதல் தொடக்கம்: 'வெப்பம் என்பது நம் காலத்தின்

(விட்டுவிட்டேன். எனக்கே வியர்த்தது.)

இரண்டாவது: 'யுகேந்திரன் விசிறி வாங்கப் போனான்.'

யுகேந்திரன் நான்தான். அவளுக்கும் வேறு பெயர் வைத்திருந்தேன். தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"என் பேர மாத்தாதீங்க. வேல கெடச்சா என் பேர்லதான் கெடைக்கணும்."

"கெடைக்கலன்னா?"

"அப்ப மாத்திக்குங்க."

எனவே, இப்போதைக்கு, சீதாலெட்சுமி.

3

ரவுட்டர் இருப்பது சாமி மேடையில். முருகனுக்கு இடப்பக்கம், குத்துவிளக்கிலிருந்து ஒரு சாண்.

நகர்த்தலாமே என்பீர்கள். கேபிள் போட வந்தவர் ஹாலில் தேடிக் கண்ட ஒரே பிளக் பாயிண்ட், மேடையின் சிவப்பு பல்புக்காக வைத்தது. அங்கேயே சுவரைத் துளைத்தார். கேபிளின் நீளம் அரை முழம். மாற்றித் தர அடுத்த புதன் வருவார்களாம்.

மேடையை நகர்த்தலாமே என்பீர்கள். அது கிழக்கு பார்த்தது. (இதை அவளிடம் ஒருமுறை கேட்டேன். அந்தப் பத்தியை நீக்கிவிட்டேன்.)

4

மூன்று நாள் இணையத்தில் விசிறி தேடினேன். இருநூற்றுப் பன்னிரண்டு மதிப்புரைகள் படித்தேன். ஒன்று: 'பார்சல் வந்துவிட்டது. இன்னும் பிரிக்கவில்லை. ஐந்து நட்சத்திரம்.' இலக்கிய விமர்சனமும் ஏறக்குறைய இப்படித்தான்.

புதன்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கணினிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கன்னையா இரண்டை மேசையில் வைத்தார்.

"எட்டு சென்டி வேகமா சுத்தும், கத்தும். பன்னெண்டு சென்டி மெதுவா சுத்தும், கப்சிப். எது பாஸ்?"

"சத்தமே கூடாதுண்ணே. வீட்ல இண்டர்வியூ."

"அப்ப பன்னெண்டு. காத்தும் நெறைய வரும்லா."

"ஸ்பீட் பட்டன்?"

"அதெல்லாம் இல்ல. யூஎஸ்பில சொருவுனா ஓடும், புடுங்குனா நிக்கும். எங்க வைக்கப் போறீங்க?"

"சாமி மேடையில."

என்னை ஏறிட்டுப் பார்த்தார். "சாமிக்கே காத்தாடியா?"

அந்த இடத்தில் யுகேந்திரன் யோசித்திருக்க வேண்டும். பாத்திரத்தின் பலவீனம். ஆசிரியரும் யோசிக்கவில்லை.

5

வியாழன், ஒத்திகை. விசிறியின் கம்பியை ரவுட்டரின் முதுகிலிருந்த யூஎஸ்பி துளையிலேயே செருகினேன்.*

தட்டிலிருந்த விபூதி எழுந்தது. முருகன், ரவுட்டர், நான், மூவரும் வெளுத்தோம். விளக்கின் ஐந்து முகமும் அணைந்தன.

விசிறியைத் திருப்பி வைத்தேன். இப்போது காற்றை உறிஞ்சியது. சுடர்கள் ரவுட்டரை நோக்கி வணங்கிவிட்டு அணைந்தன.

கண்ணாடிக் கூண்டு வைத்தோம். விளக்குக்கு ஐந்து முகம், கூண்டுக்கு ஒரு வாய்; ஐந்தும் அடங்கவில்லை. விளக்கைச் சமையலறைக்கு மாற்றலாம் என்றேன்.

"சாமி இங்க, வெளக்கு அங்கயா? போன வாரம் எண்ண தீந்துபோச்சுன்னு வெளக்கேத்தாம உக்காந்தேன். என்னாச்சு?"

"ரவுட்டர் சூடாச்சு."

"அது நீங்க சொல்ற காரணம்."

தோல்வி ஒன்று, காரணம் இரண்டு. இரண்டும் ஒரே மேடையில்.

* தன்னைக் குளிர்விப்பவனுக்குத் தானே சோறு போடும் இயந்திரம். இதை ஒரு கட்டுரையாக நீட்டலாம். நேரமில்லை.

6

முடிவு அ: விசிறி சுழல்கிறது, சுடர் அசையவில்லை. (பௌதிகம் அனுமதிக்காது. முருகன் அனுமதித்தால் கதையை வேறு இதழுக்கு அனுப்ப வேண்டும்.)

முடிவு ஆ: மின்தடை. (கோழைத்தனம்.)

முடிவு இ: அவள் பேசும் நேரம் முழுக்க யுகேந்திரன் ரவுட்டருக்குப் பனையோலை விசிறியால் மெல்ல வீசி

(வீசிப் பார்த்தேன். இரண்டு முகம் அணைந்தன. கையும் வலித்தது.)

முடிவு ஈ என்னிடம் இல்லை.

7

வெள்ளி, 6.52. சீதாலெட்சுமி மேலே கறுப்புக் கோட்டும் கீழே கைலியுமாக உட்கார்ந்திருக்கிறாள். நெற்றியில் விபூதி. மடிக்கணினியில் அவள் முகம் மட்டும், காத்திருக்கிறது. விளக்கில் ஐந்து முகமும் எரிகின்றன. ரவுட்டரைத் தொட்டேன். இப்போதே தோசைக்கல்.

விசிறியின் கம்பி என் கையில். துளைக்கும் கைக்கும் இடையே ஒரு விரல்.

இத்தனை நாள் அவள் என்னிடம் எதையும் தீர்மானிக்கச் சொன்னதில்லை. இன்று திரும்பிப் பார்த்தாள். குரலில் சண்டை இல்லை. அதுதான் பயமாக இருந்தது. நான், வாசிக்கும் உங்களைத் திரும்பிப் பார்க்கிறேன்.

"ஏங்க, இந்த வேல எனக்கு வேணும். வெளக்கா, காத்தாடியா? நீங்களே சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்."