நாலாவது வளைவு

பஸ் மறுபடியும் பாதாளத்துக்குள் போய்விட்டது. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் நாலாவது வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தால் போதும், ரோடு வாயைப் பிளந்து பஸ்ஸை விழுங்கிவிடும். அதுவரை ஓட்டியதெல்லாம் அழிந்து, பழையபடி தேனி பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்தும். கிருபாவதி செல்போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

‘மலை வண்டி’ என்பது அந்த வீடியோ கேமின் பெயர். தேனியிலிருந்து குமுளி வரை பஸ் ஓட்ட வேண்டும். விற்பனைக்கு வருமுன் விளையாடிப் பார்த்து, ஓட்டை உடைசலைச் சொல்வது கிருபாவதியின் உத்தியோகம். “வெளாட்டுக்குக் கூடவா சம்பளம் தாராக?” என்று கல்யாண வீடுகளில் சொந்தபந்தம் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காதே புளித்துப்போயிருந்தது. அப்பா ஞானமுத்து மட்டும் அப்படிக் கேட்டதில்லை. அரசு பஸ் டிரைவராக இதே குமுளி ரூட்டில் ஓட்டி ரிட்டயர் ஆனவர். “எம்புள்ள பாத்து சரின்னு சொன்னாத்தான் வண்டியே வெளிய போகும்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருப்பார்.

அந்த மனுஷனுக்கு ஓர் அத்தாட்சி காட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு வெறியே பிடித்திருந்தது. பஸ் குமுளி போய்ச் சேர்ந்ததும், கேமைச் செய்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடும். அவள் இதற்கு முன் வேலை பார்த்த இரண்டு கேம்களும் பாதியிலேயே படுத்துவிட்டன. வெளியே வராத கேமில் ஓடுகிற பெயரை யார் பார்க்கப்போகிறார்கள்?

முதலாளி ஸ்டான்லிக்குத் தேதிதான் வேதவாக்கு. போடி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தால் அவரவர் விளைச்சலில் முதல் பங்கைக் கொண்டுபோய் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். இந்த வருஷம் ஏலக்காய்க்குப் பதிலாக மகனுடைய கேமை வைக்கப்போவதாக ஸ்டான்லியின் அம்மா நேர்ந்துகொண்டார். போதகரும் மேடையிலேயே அறிவித்துவிட்டார். காய் முற்றாவிட்டால் என்ன, பண்டிகைக்குப் பறித்தாக வேண்டும்!

“அண்ணே, நாலாவது வளைவு இன்னும் சரியாகல. ஒரு ஆளு கூட குமுளி போய்ச் சேர முடியாது” என்றாள் கிருபாவதி.

ஸ்டான்லி, மலைப்பாதையை உருவாக்கிய அருண்பாண்டியைத் திரும்பிப் பார்த்தான். அருண்பாண்டி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “பாதைய முழுசாப் பிரிச்சு மாட்டணும்ணே. ரெண்டு மாசமாவது ஆகும்.” பெங்களூரில் அவனுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது எல்லோருக்கும் தெரியும்.

“ஞாயித்துக்கெழம பண்டிக. அம்மா சொல்லிட்டாக, சர்ச்சுல ஐயரும் அறிவிச்சிட்டாக, பஸ் ஸ்டாண்டுல பேனரும் கட்டியாச்சு. இப்பப் போயி வளைவு சரியில்லன்னு சொன்னா காறித் துப்ப மாட்டாகளா?”

“காசு குடுத்து வாங்குறவக துப்ப மாட்டாகளாண்ணே?”

“ஏம்மா கிருபா, வாங்குறவன்ல எத்தன பேரு குமுளி வரைக்கும் போவான்? வீரபாண்டியில பாதிப் பேரு, சின்னமனூருல மீதிப் பேரு எறங்கிருவான். மூட்டைய வாங்குறவன் மேலாகத்தான் கைய விட்டுப் பாப்பான், அடியக் கொட்டிப் பாக்க மாட்டான். கம்பம் வரைக்கும் கேம் தங்கமா இருக்கு. இப்ப விட்டுருவோம், அப்புறம் அப்டேட்டுல சரி பண்ணிக்கலாம்.”

படம் வரைந்த அமுதா, படத்தில் குறையில்லை என்று நிம்மதியாக இருந்தாள். ஹாரன் சத்தம் சேர்த்தவனுக்கு ஹாரன் நன்றாகக் கேட்டது. எல்லோருக்கும் தெரிந்த குறைக்கு ஒருவரும் சொந்தக்காரர் இல்லை. கேடுகெட்ட வேலைகளெல்லாம் இப்படித்தான் நல்ல மனுஷர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போதே நடந்து முடிகின்றன.

விற்றுத் தருகிற சென்னைக் கம்பெனிக்கு, சோதித்துப் பார்த்தவரின் ஒப்புதல் வேண்டும். கிருபாவதி கையை மடியிலேயே வைத்திருந்தாள். ஸ்டான்லி ஆளை எடை போடத் தெரிந்தவன்.

“கடைசியில ஓடுற பேருல ஒம்பேர மொதல்ல போடச் சொல்லிருக்கேன். என் பேருக்கும் மேல.”

அப்டேட்தான் வரப்போகிறதே என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள். ஒப்புதல் பட்டனை அழுத்தினாள். யாரும் கையைப் பிடித்து இழுத்து அழுத்த வைக்கவில்லை.

பண்டிகையன்று வாழைத்தாருக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில் ஓர் உறை இருந்தது. கேமைச் செல்போனில் இறக்கிக்கொள்வதற்கான அட்டை அதற்குள் இருந்தது. ஏலம் தொடங்கியதும், மகளோடு வந்திருந்த ஞானமுத்து தூக்கிய கையை இறக்கவே இல்லை. “அதுல எம்புள்ள பேரு இருக்குய்யா” என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிச் சொல்லியே ஏற்றினார். அவருக்கே விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கிருபாவதிக்குத் தரையில் புதைந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஒரு வாரத்துக்குள் வாங்கியவர்கள் திட்ட ஆரம்பித்தார்கள். ‘இத ஒருத்தனாவது வெளாண்டு பாத்தானா?’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பார்த்தேன் சாமி, கண் பூத்துப்போகிற அளவுக்குப் பார்த்தேன் என்று அவள் யாரிடம் போய் முட்டிக்கொள்வாள்? அருண்பாண்டி பெங்களூருக்குப் பெட்டியைக் கட்டிவிட்டான். ஸ்டான்லி அடுத்த கேமுக்கு ஆள் பிடிக்கக் கிளம்பிவிட்டான். அப்டேட் என்ற வார்த்தையையே பிறகு யாரும் எடுக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அவள் வேலை முடிந்து பெரியகுளத்தில் வீட்டுக்குள் நுழைந்தபோது, ஞானமுத்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். செல்போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பாதி வழியில் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்த டிரைவர் அல்ல அவர். ஸ்டான்லியின் கணக்கில் இப்படி ஒரு ஆள் இல்லை.

“ஆத்தா, இங்கன வா” என்று கூப்பிட்டார். “கம்பம், கூடலூரெல்லாம் அச்சு அசலா இருக்கு. மலையில ஏறுனா மட்டும் கவுத்துப்புடுறேன். சர்வீசுல ஒரு சைக்கிளக் கூட ஒரசுனதில்ல நான். கண்ணு மங்கிருச்சா, இல்ல கை நடுங்குதான்னு தெரியல. பாரு.” கையை நீட்டினார். கை சும்மா கல் மாதிரி நின்றது.

“நடுங்கலப்பா.”

“அப்ப எனக்கு ஒடிக்கத் தெரியல. வயசாயிருச்சு, வேறென்ன.” அவமானத்தை மறைக்கச் சிரித்தார். “ஒம்பேரு குமுளியிலதான வரும்? போயிருவேன், இரு.”

தப்பு உங்க மேல இல்லப்பா என்று சொல்லிவிட அவளுக்கு ஒரு வார்த்தை போதும். அடுத்த வார்த்தை, அப்படியானால் சரியென்று சொன்னது யார் என்பதாக இருக்கும்.

“வளைவுல மெதுவாத் திருப்புங்கப்பா” என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு, கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு, தேனி பஸ் ஸ்டாண்டிலிருந்து மறுபடியும் வண்டியை எடுத்தார்.