நான்கு துப்பாக்கிக்கு ஒரு மருந்து

செவ்வாய்க்கிழமை காலை ஆறு இருபதுக்கு வெர்னா அளவு நாடாவோடு நிலவறைக்கு இறங்கினார். அவர் கணவர் ஹால்வர் தன் மேஜை முன்னால் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆர்டித் கட்டில் இங்கதான் வரும்," என்றார் வெர்னா. "சனிக்கிழமை பஸ்ல வந்துடுவா."

"வரட்டும். உன் தங்கச்சிதானே."

"அவ சிகரெட் பிடிப்பா."

ஹால்வர் அலமாரியைப் பார்த்தார். இரண்டு தட்டு நிறைய வெடிமருந்து டப்பாக்கள்.

"வெளிய போய்ப் பிடிக்கச் சொல்லேன்."

"மொன்டானா குளிர்லயா? அவகிட்ட சொல்றதைவிட உன்கிட்ட சொல்றது சுலபம். ஒரே ஒரு டப்பா வெச்சுக்க. பெட்டியில பூட்டி வை. ஒண்ணுக்கு மேல இருந்துச்சுன்னா மேஜையோட சேர்த்து எல்லாம் கொட்டகைக்குப் போயிடும்."

கொட்டகையில் அடுப்பு கிடையாது. நவம்பரில் அங்கே விரல் மடங்காது. விரல் மடங்காமல் காலித் தோட்டாக் கூடுகளில் வெடிமருந்து நிரப்ப முடியாது. ஹால்வர் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுபவர். லாரியிலிருந்து இறங்கி வந்து அந்த மேஜை முன்னால் உட்காரும் ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி நாள் முழுவதையும் பொறுத்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார். "ஒண்ணு."

அவரிடம் நான்கு துப்பாக்கிகள் இருந்தன. கயோட்டி நரிக்கு ஒன்று, மானுக்கு ஒன்று, எல்க் என்ற பெரிய கொம்பு மானுக்கு ஒன்று, மாமனார் கொடுத்தது ஒன்று. நான்கும் நான்கு அளவுத் தோட்டா தின்பவை. சின்னத் தோட்டாவுக்கு வேகமாக எரியும் மருந்து வேண்டும், பெரியதற்கு நிதானமாக எரிவது. நான்குக்கும் ஒன்று என்றால், எதுவும் கோபித்துக்கொள்ளாத ஒன்றைப் பார்க்க வேண்டும். சம்பந்தம் பேசுவது போலத்தான்.

அந்த ஊரில் மருந்தை டப்பா மேல் உள்ள எண்ணைச் சொல்லித்தான் கேட்பார்கள். வேலை முடிந்து ஹால்வர் கல்குவாரிக்குப் போய்ச் சுட்டார். நாற்பதாம் எண் புகைந்தது. ஒன்பதாம் எண் எல்க் துப்பாக்கியில் இருமியது. கடைசியில் பதினேழும் இருபத்திரண்டும் நின்றன. பதினேழு என்றால் நரித் துப்பாக்கிக்கும் மான் துப்பாக்கிக்கும் உயிர். எல்க் துப்பாக்கி சகித்துக்கொண்டது. இருபத்திரண்டு அதற்கு நேர் எதிர். மாமனார் துப்பாக்கிக்கு இரண்டுமே பிடிக்கவில்லை, மாமனாரைப் போலவே.

நாளைக்குக் கடையில் கிடைக்காத மருந்தைத் தேர்ந்தெடுத்துப் பயனில்லை. அந்த ஆண்டு மருந்துக்குப் பஞ்சம். புதன்கிழமை டோரீன் கடைக்குப் போனார். பதினேழு இருந்தது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். டப்பாவை எடுத்து, குலுக்கி, திரும்ப வைத்தார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை போனபோது பதினேழு இருந்த இடம் காலியாக இருந்தது.

"எங்க போச்சு?"

"உன்னாலதான்," என்றார் டோரீன். "நாலு துப்பாக்கிக்கும் ஒரே மருந்து ஹால்வர் கண்டுபிடிச்சிட்டாராம்னு ஊரெல்லாம் பேச்சு. அதைக் கையில எடுத்துக் குலுக்கினாராமே. மத்தியானத்துக்குள்ள அள்ளிட்டுப் போயிட்டாங்க."

"நான் வாங்கவே இல்லையே."

"அதனாலதான் இன்னும் நம்பிட்டாங்க. வீட்டுல நிறைய வெச்சிருக்கார்னு."

ஹால்வரின் கண் தானாக இருபத்திரண்டின் பக்கம் போனது. பின்னால் மீன் தூண்டில் பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேரும் தூண்டிலைக் கீழே வைத்தார்கள்.

"ஹால், இனிமே என் கடைக்குக் கண்ணை மூடிக்கிட்டு வா," என்றார் டோரீன்.

வெள்ளிக்கிழமை மற்ற டப்பாக்களை எல்லாம் துப்பாக்கிக் கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். வீட்டில் பதினேழில் ஒன்று, இருபத்திரண்டில் ஒன்று. ஒன்று போக வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் முடிவெடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தார்.

மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு மருந்துதான் திறந்திருக்கலாம். தோட்டா நிரப்புகிற எல்லோருக்கும் அதுதான் சட்டம். எது எந்த மருந்து என்று ஒரு நொடி சந்தேகம் வந்தாலும் அது துப்பாக்கிக்குப் போகக் கூடாது, செடிக்குத்தான் போக வேண்டும். செடிக்கு நல்ல உரம். ஹால்வர் அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை. அன்றைக்கு மீறினார். இரண்டு வெள்ளைத் தட்டுகள் கொண்டுவந்து, இடது பக்கத்தில் பதினேழையும் வலது பக்கத்தில் இருபத்திரண்டையும் கடைசித் துகள் வரை கொட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பொடிப்பொடியான கறுப்புக் குச்சிகள். எந்தப் பக்கமும் பதில் சொல்லவில்லை.

வெளியே க்ளீட்டஸின் பிக்கப் லாரி ஹாரன் அடித்தது. க்ளீட்டஸ் பள்ளிக் காலத்திலிருந்தே நண்பர். ஹால்வர் மேலே போனார். க்ளீட்டஸ் லாரியை விட்டு இறங்கவில்லை.

"முடிவு பண்ணிட்டியாடா?"

"இல்ல."

"ரகசியம்னா காதுல சொல்லு."

"முடிவு பண்ணலைன்னு சொல்றேன்ல."

"அந்த மூஞ்சிய நான் அஞ்சாங்கிளாஸ்ல இருந்து பாக்கறேன். சொல்ல மாட்ட."

க்ளீட்டஸ் போய்விட்டார். ஹால்வர் கீழே வந்தபோது தட்டுகள் இல்லை. வெர்னா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதன் மேல் ஒரு டப்பா இருந்தது. ஒன்றுதான்.

"தட்டு எங்க?"

"கழுவிட்டேன். நாளைக்கு ஆர்டித்துக்கு அதுலதான் பரிமாறணும். என் கல்யாணத் தட்டுல யாராவது வெடிமருந்து கொட்டுவாங்களா?"

"அதுல இருந்த மருந்து?"

வெர்னா டப்பாவைக் காட்டினார். "எவ்வளவு பெரிய டப்பா பாரு. ரெண்டும் பாதிப் பாதிதான் இருந்துச்சு. அழகாக் கொள்ளுது."

ஹால்வர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டையும் சேர்த்தா கொட்டின?"

"நீதானே வாரம் பூரா ரெண்டும் நல்லது, ரெண்டும் நல்லதுன்ன? ரெண்டும் இருக்கு. டப்பா ஒண்ணு. எனக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி."

"வெர்னா, இதைச் சுட்டா துப்பாக்கி என் முகத்துல வெடிக்கும்."

"அப்ப கல்யாணத் தட்டுல கொட்டியிருக்கக் கூடாது," என்றார் வெர்னா.

மேஜைச் சட்டம் வெர்னாவின் பக்கம் இருந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனார். லைலாக் செடியைச் சுற்றி மெல்லத் தூவினார். நான்கு துப்பாக்கிக்கும் ஆன மருந்து மண்ணில் கிடந்தது.

சனிக்கிழமை ஆர்டித்தை பஸ் நிலையத்திலிருந்து அழைத்து வந்தார்கள். மூன்று பேரும் ஹால்வரின் பிக்கப் லாரியின் முன் இருக்கையில். ஆர்டித் நடுவில், பற்றவைக்காத சிகரெட் வாயில்.

"எல்க் வேட்டைக்கு ஒரு வாரம்தான் இருக்கு," என்றார் ஹால்வர். "க்ளீட்டஸ் வீட்டுல ரெண்டு நிமிஷம்."

"அவன் என்ன, மருந்துக் கடையா?" என்றார் வெர்னா.

"டோரீன் கடையில எல்லாம் தீர்ந்துடுச்சு. இப்ப அவன்தான் கடை."

"ஒண்ணு," என்றார் வெர்னா. "ஒண்ணுதான் வாங்கணும். உன் மேஜை வெதுவெதுப்பா இருக்கணும்னா."

"அவர் மருந்து என் தலைமாட்டுலயா இருக்கப் போகுது?" என்று ஆர்டித் கேட்டார்.

"பெட்டியில பூட்டிடுவாரு."

"அப்ப சரி. எனக்குத் தீப்பெட்டி யாராவது குடுங்க."

க்ளீட்டஸின் வாசலில் ஏழெட்டு லாரிகள் நின்றன. வண்டி மேல் சாய்ந்தபடி ஆண்கள். டோரீன் கடையில் தூண்டில் பார்த்த மூவரும் இருந்தார்கள். ஹால்வர் இறங்கியதும் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

ஹால்வர் நடந்ததைச் சொன்னார். தட்டு, டப்பா, லைலாக். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

"ரெண்டையுமா?" என்றார் க்ளீட்டஸ். "அடக் கடவுளே."

அவர் உள்ளே போய் வந்தார். இரண்டு கையிலும் ஒவ்வொரு டப்பா. இடது கையில் பதினேழு. வலது கையில் இருபத்திரண்டு. இரண்டின் சீலும் உடைக்கப்படவில்லை.

"நான் ரெண்டும் வாங்கி வெச்சேன். இங்க எல்லாருமே அப்படித்தான். இன்னும் ஒருத்தரும் ஒரு தோட்டா நிரப்பல. நீ சொல்லட்டும்னு காத்துக்கிட்டிருக்கோம். உனக்குச் சும்மாவே தர்றேன். ஆனா ஒண்ணுதான். ஊரு முன்னால கையை நீட்டி எடு."

லாரியில் வெர்னா கண்ணாடியை இறக்கினார். ஹால்வரின் இரண்டு கைகளும் கோட்டுப் பைகளுக்குள் இருந்தன.

"எதுடா, ஹால்?"